எந்தப் பிட்டு எந்த மிஷினுக்கு?

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு பஸ்ஸில் ஏறியிருக்கிறீர்களா? ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தால், மரங்களைப் பார்த்து முடித்ததும் சாலைக்காக மலையை வெட்டிய இடங்களையும் பாருங்கள். சாம்பலும் கறுப்பும் கலந்த பாறை தெரியும். ஜவ்வாது மலையில் அதிகமாக இருப்பவை சார்னோகைட், நைஸ் என்ற இரண்டு பாறைகள். இரண்டுமே பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானவை. சார்னோகைட் பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும்கூட உண்டு. அங்கிருந்து கல்கத்தாவுக்குப் போன கல் ஒன்று, ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேய வணிகரின் கல்லறையில் பதிக்கப்பட்டது. 1893-ல் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அந்தக் கல்லறையை வைத்தே பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர் சூட்டினார்.

இவ்வளவு கெட்டியான மலையில் வீடு கட்டவும் கிணறு வெட்டவும் குழாய் பதிக்கவும் கடப்பாரையும் சம்மட்டியும் மட்டும் போதாது. அதனால் மிஷின்கள் மலை ஏறி வருகின்றன. வேலை நடக்கும் இடத்தில் ஒரு சாக்குப்பையோ தகரப் பெட்டியோ இருக்கும். அதைக் கவிழ்த்தால் விதவிதமான இரும்புக் கம்பிகள் கலகலவென்று கொட்டும். சிலது பென்சில் பருமன், சிலது மூங்கில் கழிப் பருமன். ஒன்று முறுக்கிய பிட்டு, இன்னொன்று கூர் உளி, மற்றொன்று பட்டை உளி. இவற்றில் எது எந்த மிஷினுக்குப் பொருந்தும்?

பெரும்பாலானவர்கள் முதலில் முனையைத்தான் பார்ப்பார்கள். எதைத் துளைக்கலாம், எதை உடைக்கலாம் என்பதை முனை சொல்லும். எந்த மிஷினில் மாட்டுவது என்று அதற்குத் தெரியாது. அதைச் சொல்வது மறுமுனை. மிஷினுக்குள் போகும் அந்தப் பகுதியை இங்கே காம்பு என்று அழைப்போம்.

ஒரு கம்பிக்கு மிஷின் கொடுக்கக்கூடியவை இரண்டுதான்: சுழற்சி, அடி. சில மிஷின்கள் சுழற்சி மட்டும் தரும். சில அடி மட்டும் தரும். சில இரண்டையும் சேர்த்துத் தரும். எந்த விசை எந்த வழியாகக் கம்பிக்குள் போகவேண்டும் என்பதை வைத்துத்தான் காம்பின் வடிவம் அமைகிறது. இதைப் புரிந்துகொண்டால், இதுவரை பார்த்தே இராத ஒரு கம்பி கையில் கிடைத்தாலும் அதன் மிஷினை ஊகித்துவிடலாம்.

அடி எதற்கு என்று முதலில் பார்ப்போம். மரத்தையும் இரும்பையும் துளைக்கும்போது பிட்டின் கூர்விளிம்பு பொருளைச் சீவி எடுக்கிறது. துளையிலிருந்து சுருள் சுருளாகச் சீவல் வருவதைப் பார்த்திருப்பீர்கள். சுழற்சி மட்டுமே அதற்குப் போதும். பாறையில் இது நடக்காது. சார்னோகைட்டில் குவார்ட்ஸ் என்ற கனிமம் இருக்கிறது. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7. சாதாரண இரும்பு ஆணி அதைவிடக் கீழே இருக்கிறது. ஆகவே வெறுமனே சுழலும் பிட்டு பாறையைச் சீவாது. தேயும், சூடேறும், முனை மழுங்கிப்போகும்.

ஆனால் பாறைக்கு ஒரு பலவீனம் உண்டு. அமுக்கினால் தாங்கும், பிளந்தால் தாங்காது. கூர்மையான ஒன்றை வைத்து ஓங்கி அடித்தால் அந்த இடத்தில் நுண்ணிய விரிசல்கள் ஓடி, சிறு சில்லு பெயர்ந்துவிடும். பிட்டைக் கொஞ்சம் திருப்பி இன்னொரு அடி கொடுத்தால் பக்கத்தில் இன்னொரு சில்லு பெயரும். பாறையில் துளை போடுவது என்றால் இதைத்தான் ஆயிரக்கணக்கான முறை செய்கிறோம். உளியையும் சுத்தியலையும் கொண்டு கோயில் கட்டிய சிற்பிகள் செய்ததும் இதுவே. மிஷின் அதை வேகமாகச் செய்கிறது.

பிட்டின் நுனியில் தனி நிறத்தில் ஒரு சிறு தகடு பதித்திருந்தால் அது டங்ஸ்டன் கார்பைடு. லேத் பட்டறைகளில் 'விடியா' என்று சொல்வது இதைத்தான். மோஸ் அளவில் இது 9-ஐ ஒட்டி வரும். குவார்ட்ஸைத் தாங்கி நிற்பதற்காகவே அதை வைத்துப் பற்றவைக்கிறார்கள். அந்தத் தகடு இருந்தால் கல்லுக்கும் கான்கிரீட்டுக்கும் உரிய பிட்டு என்று எடுத்துக்கொள்ளலாம். மிஷினைத் தெரிந்துகொள்ள, கம்பியைத் திருப்பிப் பிடியுங்கள்.

காம்பு வழவழவென்று உருண்டையாக இருக்கிறதா? அல்லது உருண்டையில் மூன்று பக்கம் மட்டும் தட்டையாகச் சீவியிருக்கிறதா? அப்படியானால் அது சாதாரண டிரில் மிஷினுக்கு உரியது. அந்த மிஷினின் மூக்கில் 'சக்' என்ற பிடி இருக்கும். அதற்குள் மூன்று தாடைகள். சக் சாவியைத் திருகினால் மூன்றும் ஒரே சமயத்தில் நெருங்கி வந்து காம்பைக் கவ்விக்கொள்ளும். மூன்று புறமும் சமமாக நெருக்குவதால் பிட்டு தானாகவே நடுவில் நிற்கும். அமெரிக்காவைச் சேர்ந்த ஆர்தர் ஜேக்கப்ஸ் 1902-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இன்றும் உலகம் முழுவதும் ஏறக்குறைய அதே அமைப்புதான். வீட்டு டிரில்களில் 10 அல்லது 13 மில்லிமீட்டர் வரை விரியும் சக் இருக்கும்.

இந்தச் சக் உராய்வை நம்பித்தான் பிட்டைப் பிடித்திருக்கிறது. இறுகப் பிடித்த ஒன்றை முன்னும் பின்னும் அடித்துக்கொண்டே இருந்தால் பிடி தளரும். சில டிரில்களில் சுத்தியல் படம் போட்ட ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் உள்ளே பல் வைத்த இரண்டு தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கி, சக்கையும் சேர்த்துக் குலுக்கும். செங்கல் சுவருக்கு அந்தக் குலுக்கல் போதும். ஜவ்வாது மலைப் பாறைமேல் வைத்தால் மிஷின் சத்தம் போடும், கை வலிக்கும், துளை இறங்காது.

இனி எனக்கு மிகவும் பிடித்த காம்புக்கு வருகிறேன். பென்சிலைவிடச் சற்றுப் பருத்த உருண்டை. அதில் நீளவாக்கில் பள்ளங்கள். உற்றுப் பார்த்தால் அவை இரண்டு வகை என்பது தெரியும். இரண்டு பள்ளங்கள் கம்பியின் கடைசி வரை திறந்தே போகின்றன. மற்ற இரண்டும் கடைசிக்குச் சற்று முன்பே மூடிக்கொண்டு, குட்டித் தொட்டில்போல இருக்கின்றன. இதற்கு எஸ்டிஎஸ் பிளஸ் என்று பெயர். விட்டம் 10 மில்லிமீட்டர். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1970-களில் இந்த முறையைக் கொண்டுவந்தது. ஹாமர் மிஷின் என்று நம் கட்டட வேலைக்காரர்கள் சொல்லும் சிறிய மிஷின்களில் பெரும்பாலானவை இந்தக் காம்பைத்தான் ஏற்கும்.

பள்ளம் ஏன் இரண்டு வகை? மிஷினின் வாய்க்குள் நீளமான இரண்டு மேடுகள் இருக்கின்றன. திறந்த பள்ளங்கள் அந்த மேடுகளில் போய் உட்காரும். மிஷின் சுழலும்போது மேடு பள்ளத்தின் சுவரைத் தள்ளும், பிட்டு சுழலும். ஆக, சுழற்சி இந்த வழியாகப் போகிறது. மூடிய பள்ளங்களில் இரண்டு எஃகு குண்டுகள் வந்து விழும். பிட்டு வெளியே ஓடிவிடாமல் அவை தடுக்கும். ஆனால் பள்ளம் குண்டைவிட நீளமானது. அதனால் பிட்டு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் முன்னும் பின்னும் தாராளமாக வழுக்கும்.

புதிய பிட்டை மாட்டியதும் அது லேசாக ஆடுவதைப் பார்த்து, சரியாகப் பொருந்தவில்லை என்று சிலர் நினைப்பதுண்டு. ஆடத்தான் வேண்டும். மிஷினுக்குள் ஒரு பிஸ்டன் காற்றை அமுக்குகிறது. அமுங்கிய காற்று ஒரு சிறு இரும்புக் கட்டையை முன்னே எறிகிறது. அந்த அடி கடைசியில் காம்பின் பின்புறத்தில் வந்து விழுகிறது. சக் ஆடாமல் நின்று சுழல, பிட்டு மட்டும் அடியை வாங்கிக்கொண்டு முன்னே பாய்கிறது. அடி நேராக முனைக்குப் போய்ச் சேர்கிறது. சிறிய ஹாமர் மிஷின் நிமிடத்துக்குச் சுமார் 4,000 அடிகள் தரும். ஒவ்வொன்றின் ஆற்றலும் 2 அல்லது 3 ஜூல். 300 கிராம் எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் கிடைப்பது ஏறக்குறைய 3 ஜூல். அவ்வளவு ஆற்றல், ஒரு வினாடியில் அறுபது எழுபது தடவை, பட்டாணி அளவு இடத்தில் இறங்குகிறது. பாறை என்ன செய்யும்!

இதே குடும்பத்தில் ஓர் அண்ணனும் உண்டு, எஸ்டிஎஸ் மேக்ஸ். விட்டம் 18 மில்லிமீட்டர், திறந்த பள்ளங்கள் மூன்று, மூடியவை இரண்டு. பெரிய துளைகளுக்கும் உடைப்பு வேலைக்கும் வரும் கனமான மிஷின்களில் இது போகும். தம்பியின் மிஷினில் அண்ணனை நுழைக்க முடியாது. அண்ணனின் மிஷினில் தம்பியைச் செருகினால் லொடலொடவென்று நின்று கீழே விழும்.

விட்டத்தை அளக்க வெர்னியர் காலிப்பர் இல்லையா? ஒரு நூலும் பள்ளிக்கூட ஸ்கேலும் போதும். காம்பைச் சுற்றி நூலை ஒரே ஒரு சுற்று சுற்றி, நீளத்தை அளந்து 3.14-ஆல் வகுக்கவும். நூல் 31 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் 10 மில்லிமீட்டர் காம்பு. 56-க்கு மேல் வந்தால் 18.

அடுத்து, ஆறு பட்டை வைத்த காம்புகள். இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். ஆறு பட்டை எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்துவிட்டால் தொலைந்தோம். மிகச் சிறியது கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர். அடிப்பகுதிக்கு அருகே சுற்றிலும் ஒரு வளையப் பள்ளம் இருக்கும். திருகாணி முடுக்கும் கையடக்க மிஷின்களுக்கு அது. நடுத்தரமானது 17 மில்லிமீட்டர். ஒரு பக்கத்தில் பிறை வடிவில் ஒரு வெட்டு இருந்தால், அதில் மிஷினின் பூட்டுக் கம்பி வந்து உட்காரும். சுவரையும் தளத்தையும் உடைக்கும் பிரேக்கர் மிஷின்களில் இந்த உளிகளைப் பார்க்கலாம். இன்னும் பெரியவை 28, 30 மில்லிமீட்டர். இரு கையாலும் பிடித்து, நின்றுகொண்டு தரையை உடைக்கும் கனத்த பிரேக்கருக்கு உரியவை அவை. இந்த மிஷின்கள் நிமிடத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் அடிகள்தான் தரும். ஆனால் ஒவ்வொரு அடியும் சிறிய ஹாமரின் அடியைப்போலப் பத்து மடங்குக்கு மேல் வலுவானது.

அளக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஆறு பட்டைக் காம்பை எதிரெதிர்த் தட்டைப் பக்கங்களுக்கு இடையேதான் அளக்கவேண்டும். மூலைக்கு மூலை அளந்தால் 1.155 மடங்கு கூடுதலாக வரும். 17 மில்லிமீட்டர் காம்பு மூலைக்கு மூலை 19.6 காட்டும். அடுத்துப் பார்க்கப்போகும் 22 மில்லிமீட்டர் காம்பு 25.4 காட்டும். எட்டாம் வகுப்பு வடிவியல் படித்தவர்கள் இந்த 1.155 எங்கிருந்து வருகிறது என்று ஓர் அறுகோணம் வரைந்து கண்டுபிடித்துப் பாருங்கள். விடை, 2-ஐ 3-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் வருவது. பயன்படுத்தப் பயன்படுத்த முதலில் தேய்வதும் மூலைகள்தான். அதனாலும் மூலையின் அளவை நம்பக்கூடாது.

பிரேக்கர் உளி ஏன் ஆறு பட்டையாக இருக்கிறது? உளி சுழலவே கூடாது. பட்டை உளியின் வாய் எந்தத் திசையில் இருக்கவேண்டும் என்று வேலை செய்பவர் தீர்மானித்துப் பிடிக்கிறார். அடியில் அது தானாகத் திரும்பிவிட்டால் வெட்டு கோணலாகும், கையும் முறுக்கிக்கொள்ளும். தட்டைப் பக்கங்கள் அதைத் திரும்பவிடாமல் நிறுத்துகின்றன. சுழற்சியும் அடியும் சேர்ந்த ஹாமர் மிஷினில் உளி மாட்டும்போது, சுழற்சியை நிறுத்தி அடி மட்டும் தரும் நிலைக்குத் திருகை மாற்றவேண்டியதும் இதனால்தான்.

கிணறு வெட்டும் இடத்தில் வேறொரு கம்பி கிடைக்கும். நல்ல நீளம், ஆறு பட்டைக் காம்பு, தட்டைக்குத் தட்டை 22 மில்லிமீட்டர். காம்பு முடியும் இடத்தில் கழுத்துப்பட்டைபோல ஒரு தடித்த வளையம். கடைசிப் பரப்பிலிருந்து அந்த வளையம் வரை அளந்தால் 108 மில்லிமீட்டர் வரும். இது ஜாக் ஹாமருக்கு உரிய ராடு. டிராக்டரில் பொருத்திய கம்ப்ரஸர் ஒன்று அமுக்கிய காற்றைக் குழாய் வழியே அனுப்ப, அந்தக் காற்றே ஜாக் ஹாமரின் பிஸ்டனை இயக்குகிறது. பிஸ்டன் இறங்கி வந்து காம்பின் மேல் பரப்பைச் சரியான இடத்தில் சந்திக்கவேண்டும் என்பதற்காகத்தான் அந்த 108 மில்லிமீட்டர் கணக்கு. காம்பு குட்டையாக இருந்தாலும் நெட்டையாக இருந்தாலும் அடி வீணாகும், மிஷினும் கெடும்.

ராடின் அடிப்பரப்பை வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் ஓர் ஓட்டை தெரியும். அது உள்ளேயே ஓடி முனை வரை போகிறது. அதன் வழியே காற்றோ தண்ணீரோ போய், துளைக்குள் சேரும் கல்தூளை வெளியே தள்ளும். ஒரு கம்பியின் நடுவில் இப்படி ஓட்டை இருந்தால், அது பாறைத் துளைப்புக்கான ராடு என்று பெரும்பாலும் உறுதியாகச் சொல்லலாம். தூளை அகற்றாவிட்டால் பிட்டு பாறையை அடிக்காமல் தூளையே அடித்துக்கொண்டிருக்கும். அந்தத் தூளில் சிலிக்கா இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் அதைச் சுவாசிப்பவர்களுக்கு சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரலாம். வந்துவிட்டால் அதைக் குணமாக்க முடியாது. தண்ணீர் ஊற்றித் துளைப்பதும் முகத்தில் சரியான கவசம் அணிவதும் அந்தத் தொழிலாளர்களின் உயிரைக் காக்கும் வேலைகள். அவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவேண்டும் என்று நாம் எல்லோரும் கேட்கவேண்டும்.

போர் போடும் வண்டியையும் பார்த்திருப்பீர்கள். நாமக்கல் மாவட்டம் திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பும் இந்த வண்டிகள் இந்தியா முழுவதும் ஓடுகின்றன. அவற்றின் பிட்டு பொம்மைக் காளான்போல இருக்கும். தலையில் கார்பைடு குமிழ்கள், காம்பில் நீளவாக்கில் தடித்த பற்கள். பல நூறு அடி ஆழத்தில் துளைக்கும்போது, மேலே நின்று ராடை அடித்தால் ஒவ்வொரு இணைப்பிலும் ஆற்றல் கரைந்துவிடும். அதனால் சுத்தியலையே துளைக்குள் இறக்கிவிட்டார்கள். பிட்டுக்கு நேர் பின்னால் சுத்தியல் உட்கார்ந்து காற்றின் விசையில் அடிக்கிறது. காம்பின் பற்கள் சுழற்சியை வாங்குகின்றன, அதே சமயம் பிட்டை மேலும் கீழும் வழுக்கவும் விடுகின்றன. எஸ்டிஎஸ் பிளஸில் நாம் பார்த்த அதே யோசனை, அளவு மட்டும் பெரியது.

ஒரே பருமனான உருண்டையாகவும் இல்லாமல் பட்டையாகவும் இல்லாமல், அடியை நோக்கிச் சிறுத்துக்கொண்டே போகும் காம்பு ஒன்று உண்டு. லேத் பட்டறையில் நிற்கும் பெரிய டிரில்லிங் மிஷினுக்கு உரியது அது. அமெரிக்கரான ஸ்டீபன் மோர்ஸ் 1860-களில் வடிவமைத்தார். கூம்பு வடிவக் குழிக்குள் இதைச் செருகி, கீழே இரும்பில் வைத்து அழுத்தினால், அழுத்த அழுத்தக் காம்பு மேலும் இறுகும். உராய்வே அதைச் சுழற்றும்.

இறுகிக்கொள்ளும் கூம்பு என்ற இந்த யோசனைக்கு ஜவ்வாது மலையில் மிகப் பழைய சான்று இருக்கிறது. இந்த மலைப் பகுதியில் புதிய கற்காலக் கற்கோடரிகள் கிடைத்துள்ளன. கறுத்த கல்லைத் தேய்த்து வழவழப்பாக்கியவை. சில ஊர்களில் அவற்றைச் சாமியாக வைத்துக் கும்பிடவும் செய்கிறார்கள். அப்படி ஒரு கோடரியைப் பார்க்க நேர்ந்தால் அதன் இரு முனைகளையும் கவனியுங்கள். ஒரு முனை அகன்று வாயாக இருக்கும். மறுமுனை குறுகிப்போகும். மரப்பிடியின் துளைக்குள் குறுகிய முனையைச் செருகி மரத்தை வெட்டினால், ஒவ்வொரு வெட்டும் கல்லைப் பிடிக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளும், பிடி இறுகும். இரும்பையே அறியாத அந்த மனிதர்கள் வாய்க்கு ஒரு வடிவம், காம்புக்கு வேறொரு வடிவம் என்று தெளிவாகப் பிரித்துச் செய்திருக்கிறார்கள். எனக்கு அது பெரிய அறிவியலாகத் தெரிகிறது. அந்தக் கோடரியை யாராவது வைத்திருந்தால் எடுத்து வராதீர்கள். இருக்கும் இடத்திலேயே பார்த்துவிட்டு, ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

மின்சார டிரில்லின் பிறப்பும் பாறையோடு சேர்ந்ததுதான். 1889-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ஆர்தர் ஆர்னாட், வில்லியம் பிரெய்ன் என்ற இருவர் அதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். பாறையைத் துளைக்கவும் நிலக்கரி தோண்டவும்தான் அதைச் செய்தார்கள். கையில் பிடிக்கும் அளவுக்குச் சிறுத்தது பின்னால்தான்.

பொருந்தாத காம்பை மாட்டினால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பள்ளம் உள்ள எஸ்டிஎஸ் காம்பைச் சாதாரண சக்கில் கவ்வவைத்தால் தாடைகள் பள்ளத்துக்குள் இறங்கிவிடும். பிட்டு நடுவில் நிற்காமல் தலையாட்டும், நழுவும். வழவழ உருண்டைக் காம்பை ஹாமர் மிஷினில் செருகினால் குண்டுகள் பிடிக்கப் பள்ளமே இல்லை. பிட்டு வெளியே பாய்ந்துவிடும். ஒன்றை மற்றொன்றில் மாட்டித் தரும் அடாப்டர் கடையில் கிடைக்கும். எஸ்டிஎஸ் காம்போடு வரும் சக் அப்படிப்பட்டது. மரத்துக்கும் இரும்புக்கும் சுழற்சி மட்டும் வைத்து அதைப் பயன்படுத்தலாம். அடியையும் சேர்த்துக்கொண்டால் அந்தச் சக் சீக்கிரமே உடையும்.

உங்கள் வீட்டிலோ, தெரிந்த மேஸ்திரி அண்ணனிடமோ பழைய பிட்டுகள் இருந்தால் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒரு நோட்டில் ஒவ்வொரு காம்பையும் வரைந்து, உருண்டையா பட்டையா, பள்ளம் எத்தனை, அதில் திறந்தவை எத்தனை, தடித்த வளையம் உண்டா, நடுவில் ஓட்டை உண்டா, எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதுங்கள். மிஷின் எது என்பதை நீங்களே முதலில் ஊகித்து எழுதிவிட்டு, பிறகு அவரிடம் கேளுங்கள். மிஷினில் மாட்டிப் பார்ப்பது பெரியவர்களின் வேலை. அவர்களும் பிளக்கைக் கழற்றிய பிறகுதான் பிட்டைத் தொடவேண்டும். மறந்தால் நீங்கள் நினைவூட்டுங்கள்.